ஈயலம்பம் காடான கதை

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் வீட்டில் ஒரே கேள்விதான்: “அப்பா, எங்கே போகலாம்?”

கடைத்தொகுதிக்குப் போனால் தேவையில்லாததை எல்லாம் வாங்கிக்கொண்டு, கையிருப்பைக் கரைத்துவிட்டு வீடு திரும்புகிறோம். கடற்கரைக்குப் போவதென்றால் போக ஒரு பொழுது, வர ஒரு பொழுது. தலைநகருக்குப் பக்கத்திலேயே, ஆற்றோரமும் மரநிழலுமாக வட்டமாய்ச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்படி நடக்க ஓர் இடம் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் வனப் பூங்காவைத்தான் சொல்கிறேன். ‘பிரிம்’ என்ற சுருக்கப் பெயரைச் சொன்னால் பலருக்கும் தெரியும். கோலாலம்பூருக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது.

“காட்டுக்குப் போய் நடந்துவிட்டு வருவோம்” என்று நான் சொன்னதும் என் தாயார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“காட்டிலேயே பாதி ஆயுசு போச்சு. இன்னும் எந்தக் காட்டுக்குடா கூப்பிடுற?”

அவர் சொன்னது ரப்பர்க்காட்டை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாக நடந்தவர். தோட்டம் கைமாறி, லயங்கள் இடிபட்டு, நாங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. வந்தது முதல் அவர் படியிறங்கி வெளியே போவது குறைந்துகொண்டே வந்தது. முழங்கால் வலி என்பார். முழங்காலில் மட்டும் வலி இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

பேரப்பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க, கடைசியில் “சரி, வரேன்” என்றார். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் நாங்கள் ஐந்து பேரும் புறப்பட்டோம்.

அன்று இருந்த நிலம்

வாசலைக் கடந்து உள்ளே நுழைந்ததும் பச்சைப் பசேலென்ற நிழல் நம்மைப் போர்த்திக்கொள்கிறது. இருமருங்கிலும் மரங்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் அளவுக்கு உயரம். இதைப் பார்ப்பவர் எவரும் ‘ஆதிகாலத்துக் காடு, யாரும் கைவைக்காமல் விட்டிருக்கிறார்கள்’ என்றுதான் நினைப்பார்கள். நானும் முதன்முறை வந்தபோது அப்படித்தான் நினைத்தேன்.

உண்மை வேறு. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே காடு இல்லை. ஈயலம்பம் இருந்தது. ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டைகளும், காய்கறித் தோட்டங்களும், லாலாங் புல்லும் புதரும் மண்டிய வெளியும்தான் இருந்தன. மேட்டுப்பகுதியில் மட்டும் பழைய காட்டின் மிச்சமாகச் சில மரங்கள் நின்றன.

ஈயலம்பம் என்றால் என்னவென்று நம் பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தண்ணீரைப் பீய்ச்சி அடித்து மண்ணைக் கரைப்பார்கள். கரைந்த சேற்றை மேலே ஏற்றி, மரத்தாலான நீண்ட சாய்வு வாய்க்காலில் ஓடவிடுவார்கள். கனமான ஈயமண் அடியில் தங்கும். மற்றதெல்லாம் அடித்துக்கொண்டு போகும். எஞ்சுவது வெறும் மணலும் களிச்சேறும் பெரும் பள்ளங்களும்தான். மேல்மண் போன பிறகு அந்த நிலத்தில் என்ன விளையும்?

1926ஆம் ஆண்டில், அன்றைய வன இலாகாவின் தலைவராயிருந்த கியூபிட் என்பவர், காடுகளைப் பற்றி ஆராய ஒரு தனிப் பிரிவை அமைக்கும்படி டாக்டர் ஃபாக்ஸ்வொர்தி என்னும் தாவர அறிஞரைக் கேட்டுக்கொண்டார். ஃபாக்ஸ்வொர்தி தேர்ந்தெடுத்தது இந்தப் பாழ்நிலத்தைத்தான். முதலில் சிறிய பரப்புதான். பிறகு அது விரிவடைந்தது. இன்றோ 500 ஹெக்டருக்கும் மேல். 1985ஆம் ஆண்டு முதல் இது தனிச் சட்டபூர்வ நிறுவனமாக இயங்குகிறது. 2012இல் நாட்டின் தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் பாரிஸில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, இந்த வனப் பூங்காவை உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது.

யுனெஸ்கோ பாராட்டியது என்ன தெரியுமா? பழங்காட்டைக் காப்பாற்றியதை அல்ல. பாழான ஈயலம்ப நிலத்தை மனிதக் கைகள் மீண்டும் மழைக்காடாக்கியதை. கெடுத்தவனும் மனிதன், திருத்தியவனும் மனிதன்.

இதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தபோது, அம்மா குறுக்கிட்டார். “யார் நட்டது?” என்று கேட்டார்.

ஃபாக்ஸ்வொர்தியின் பெயரைச் சொன்னேன்.

“அவர் துரை. நடச் சொல்லியிருப்பார். குழி வெட்டினது யாரு?”

என்னிடம் பதில் இல்லை. குழி வெட்டி, கன்று சுமந்து, புல் செருக்கிய தொழிலாளர்களின் பெயர்களை நாம் எந்த நூலில் படிக்கிறோம்? ஆனாலும் அவர்கள் நட்டவை நம் தலைக்குமேலே நிழல் விரித்து நிற்கின்றன.

நட்டால் மட்டும் போதுமா?

“லாலாங் காட்டில் கன்று வெச்சா எப்படிப் பிழைக்கும்?” என்று அம்மா அடுத்த கேள்வியைப் போட்டார். தோட்டத்தில் உழைத்தவர் கேட்கும் கேள்வி அது.

லாலாங் லேசான எதிரி அல்ல. வெட்டினால் துளிர்க்கும். காய்ந்தால் தீப்பற்றும். தீ அணைந்ததும் மண்ணுக்குள்ளிருக்கும் கிழங்குவேரிலிருந்து மறுபடி முளைக்கும். நம் மழைக்காட்டின் பெருமரங்களோ பிள்ளைப்பருவத்தில் நிழலை விரும்புபவை. கொளுத்தும் வெட்டவெளியில் கன்றை நட்டால் வாடிப்போகும். ஆகவே, விரைவாக வளரும் மரங்களை முதலில் வளர்த்து, அவை தரும் நிழலில் காட்டுமரக் கன்றுகளை வளர்ப்பது வனத்துறையினர் கண்ட ஒரு வழி. நிழல் விழுந்தால் லாலாங் தானாகவே ஒடுங்கிவிடும். இலை உதிர்ந்து மக்கினால் மண் கொஞ்சம் கொஞ்சமாக உயிர்பெறும்.

“இளங்கன்றுக்கு நடுவிலே கொடி போடுவோமே, அது மாதிரி” என்றார் அம்மா. சரியாகச் சொன்னார். புதிய ரப்பர் நடவில் நிரைகளுக்கிடையே மூடுபயிராகக் கொடி விதைப்பதும் இதே நோக்கத்துக்குத்தான். மண்ணை வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் காப்பது, களையை அடக்குவது, மண்ணுக்கு உரம் சேர்ப்பது. படித்த அறிஞர் புத்தகத்தில் எழுதுவதை நம் வீட்டுப் பெரியவர்கள் கையால் செய்திருக்கிறார்கள்.

மரத்துக்கும் மண்ணுக்கும் இடையே இன்னொரு கூட்டும் உண்டு. இந்த மரங்களின் வேர்நுனிகளில் ஒருவகைக் காளான் பூஞ்சை போர்வைபோல் ஒட்டி வாழ்கிறது. வேர் எட்டாத இடத்திலிருந்து அது சத்தையும் நீரையும் இழுத்து மரத்துக்குக் கொடுக்கிறது. மரம் தான் சமைத்த மாவுச்சத்தில் ஒரு பங்கை அதற்குத் தருகிறது. கொடுக்கல் வாங்கலில் நேர்மை இருந்தால் சத்தற்ற மண்ணிலும் குடும்பம் தழைக்கும்!

பெரிய மரங்களின் கீழே

உள்ளே பல பாதைகள் இருக்கின்றன. தார் போட்ட சாலையும் உண்டு, மண்தடமும் உண்டு. அவை ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், அவரவர் காலுக்கும் நேரத்துக்கும் ஏற்றபடி கோத்துக்கொண்டு ஒரு வட்டமாகச் சுற்றி வரலாம். நாங்கள் குட்டையோரமாகத் தொடங்கி, பழைய கட்டடங்களைத் தாண்டி, மரத்தொகுதிகள் வழியாக ஆற்றுக்குப் போய், வேறு வழியாகத் திரும்பினோம். முதியவரும் சிறுவரும் உடன் இருந்ததால் நின்று நின்று நடந்தோம்.

இங்கே 1929ஆம் ஆண்டு முதற்கொண்டு இனம் இனமாக மரங்களை நட்டு வளர்த்திருக்கிறார்கள். மெராந்தி, கெருயிங், செங்கால், கப்பூர் என்ற பெயர்களை நாம் பலகைக்கடையில் கேட்டிருக்கிறோம். நம் வீட்டுக் கதவும் கட்டிலும் மெராந்தியாக இருக்கலாம். பாலத்துக்கும் படகுக்கும் செங்காலைத் தேடுவார்கள். ஆனால், அந்த மரம் உயிரோடு எப்படி நிற்கும் என்று நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?

இவையெல்லாம் ஒரே குடும்பத்து மரங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றின் காய்களுக்கு இறக்கை உண்டு. கெருயிங் காய்க்கு நீண்ட இறக்கை இரண்டு. மெராந்திக்கு நீளமாக மூன்று, குட்டையாக இரண்டு. கப்பூருக்கு ஐந்து. காய் முற்றி உதிரும்போது பம்பரம்போல் சுழன்று சுழன்று இறங்கும். இவை வருடந்தோறும் தவறாமல் காய்ப்பதில்லை. சில ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, ஒரு பருவத்தில் காடே சேர்ந்தாற்போல் பூத்துக் காய்த்துத் தள்ளும். அத்தனையையும் தின்று தீர்க்கப் பன்றிக்கும் அணிலுக்கும் வயிறு போதாது. மிஞ்சியது முளைக்கும்.

நம் வீட்டுச் சாம்பிராணித் தட்டில் போடும் குங்கிலியம் இருக்கிறதே, அதுவும் இந்தக் குடும்பத்து மரத்தின் பிசின்தான். இந்தியாவில் வளரும் குங்கிலிய மரம் மெராந்திக்கு நெருங்கிய உறவு. மலாய்க்காரர்கள் ‘டாமார்’ என்று சொல்லும் பிசின் இந்நாட்டுக் குங்கிலியம் என்று சொல்லலாம்.

ஒரு பெரிய மரத்தடியில் அம்மா நின்றுவிட்டார். அடிமரம் பலகை பலகையாக விரிந்து மண்ணைப் பற்றியிருந்தது. ஆழமாக வேர்விட முடியாத மண்ணில் சாய்ந்துவிடாமலிருக்க மரம் தனக்குத் தானே கட்டிக்கொண்ட முட்டுச்சுவர் அது.

“இதுக்கு எத்தனை வயசு இருக்கும்?”

“தொண்ணூறுக்குக் கிட்டத்தட்ட இருக்கலாம் அம்மா.”

அவர் உள்ளங்கையை மரப்பட்டையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: “இருபத்தஞ்சு முப்பது வருஷத்துக்கு மேலே நின்ன மரத்தை நான் பார்த்ததே இல்லை. பால் குறைஞ்சா வெட்டிடுவாங்க. என் கையால எத்தனையோ மரம் வெட்டினேன். எதுவும் கிழவியாகலே.”

ரப்பர் மரத்தின் பொருளாதார ஆயுள் அவ்வளவுதான். அது முடிந்தால் மறுநடவு. ஒரு தொழிலாளியின் உழைக்கும் காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெட்கப்படும் மரங்கள்

பிள்ளைகளைக் கவர்ந்தது கப்பூர் மரங்களின் கூட்டம். அங்கே நின்று நேராக மேலே பார்க்கவேண்டும். ஒரு மரத்தின் கிளை நுனி அடுத்த மரத்தைத் தொடவே தொடாது. ஒவ்வொரு மரத்தின் தலைக்கும் நடுவே ஒரு சாண், இரண்டு சாண் இடைவெளி விட்டு நிற்கும். அந்த இடைவெளி வழியே தெரியும் வானம், பச்சை நிலத்தில் நீல வாய்க்கால்கள் ஓடுவதைப்போல் இருக்கிறது. உலகெங்கிலுமிருந்து புகைப்படக்காரர்கள் இதைப் படமெடுக்க வருகிறார்கள்.

காற்றில் ஆடும்போது கிளைகள் உரசி நுனி ஒடிவதால் இப்படி ஆகிறது என்பது ஒரு விளக்கம். இங்கே பணியாற்றிய ஃபிரான்சிஸ் இங் என்னும் அறிஞர் 1970களில் இந்தக் கப்பூர் மரங்களை ஆராய்ந்தார். உரசல் காயம் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. அடுத்த மரத்தின் நிழல் படுவதை உணர்ந்து நுனி வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது என்பது அவர் கருத்து. எல்லா மரங்களும் இப்படி நிற்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

“லயத்திலே இருந்த மாதிரி. சுவர் ஒண்ணுதான், ஆனா யாரும் யார் வீட்டுக்குள்ளேயும் கேட்காம நுழையமாட்டோம்” என்றார் அம்மா.

நம் வீட்டுப் பச்சைக் கற்பூரம்

காற்றில் உதிர்ந்து கிடந்த ஒரு பச்சைக் கப்பூர் இலையை எடுத்துக் கசக்கி முகர்ந்து பார்த்தோம். மண்ணெண்ணெயும் கற்பூரமும் கலந்தாற்போல் ஒரு நெடி. ஆம், ‘கப்பூர்’ என்பதும் நாம் சொல்லும் ‘கற்பூரம்’ என்பதும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள்தாம். பெருமாள் கோயில் தீர்த்தத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் சிட்டிகை சேர்ப்போமே பச்சைக் கற்பூரம், அது பழங்காலத்தில் இந்த மரத்தின் வயிற்றிலிருந்து கிடைத்ததுதான். முதிர்ந்த மரத்தின் உள்வெடிப்புகளில் அது வெண்கட்டியாக உறைந்திருக்கும். எல்லா மரத்திலும் கிடைப்பதில்லை. அதனால் பொன்னுக்கு நிகராக மதித்தார்கள்.

அதைத் தேடித் தமிழ் வணிகர்கள் கடல் தாண்டி வந்தார்கள். சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ், கற்பூரத்துக்குப் பெயர்போன துறைமுகம். மலாய் மொழியில் இன்றும் ‘கப்பூர் பாருஸ்’ என்பார்கள். அதன் அருகே லோபு துவா என்னுமிடத்தில் கி.பி. 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ‘திசையாயிரத்து ஐந்நூற்றுவர்’ என்ற வணிகர் சபை அதைப் பொறித்தது.

பால் வெட்டவும் சடக்குப் போடவும் நம் முன்னோர் கப்பலேறி வந்த கதை நமக்குத் தெரியும். அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, இந்த மரத்தின் வாசம் தமிழரை இந்தப் பக்கம் அழைத்திருக்கிறது. இதைக் கேட்டதும் என் மூத்த மகன் இன்னோர் இலையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பள்ளியில் காட்டவேண்டுமாம்.

ஆற்றோரம்

மண்தடத்தில் இறங்கியதும் வெளிச்சம் குறைந்து காற்று குளிர்ந்தது. சில்வண்டுகளின் இரைச்சல் ஒரு பக்கம். இன்னும் கொஞ்சம் நடந்ததும் அந்த இரைச்சலுக்கு அடியில் சலசலவென்று தண்ணீர் ஓசை. அதுதான் குரோ ஆறு. பெரிய ஆறன்று. பின்னாலுள்ள புக்கிட் லாகோங் வனப்பகுதியை ஒட்டிய மேடுகளிலிருந்து பாறைகளில் தாவிக்கொண்டு வரும் சிற்றாறு. ஓரிடத்தில் சிறு அருவியாக விழுகிறது. கால் நனைக்கவும் கட்டுச்சோற்றைப் பிரிக்கவும் வசதியான இடங்கள் உண்டு.

அங்கேதான் பசியாறினோம். இட்டிலியும் மிளகாய்ப்பொடியும், சுடுநீர்க் குடுவையில் கோப்பியும். வெளியில் விற்கும் பண்டம் எதுவும் அதற்கு ஈடாகாது என்று என் மனைவி சொன்னார். ஐந்து பேர் வயிறும் நிறைந்தது, செலவும் இல்லை.

மரங்கள் இருப்பதால் ஆறு தெளிவாக ஓடுகிறது. மழைத்துளி நேராக மண்ணில் அறைவதில்லை. முதலில் இலை தாங்குகிறது, பிறகு சருகு தாங்குகிறது, பிறகு மண் உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சியதை மெல்ல மெல்ல ஆற்றுக்குக் கொடுக்கிறது. மரத்தை அழித்தால் மழை பெய்த அன்றே வெள்ளம், மறுவாரம் வறட்சி. சேறு கலங்கிய ஆறுகளின் கரையில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிய பாடமல்ல.

இளைய மகன் திடீரென்று கேட்டான்: “பாட்டி, இங்கே ரப்பர் மரம் இல்லையா?”

ரப்பர் இந்த மண்ணின் மரமல்ல, பிரேசிலிலிருந்து வந்த விருந்தாளி என்று நான் சொன்னேன். 1877ஆம் ஆண்டில் 22 இளங்கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த ஒரு கைப்பிடிக் கன்றுகளின் வாரிசுகள்தாம் மலைநாடு முழுவதும் நிரம்பின. அவற்றின் பின்னால் நாமும் வந்து நிரம்பினோம்.

“பால் எப்படிப் பாட்டி வெட்டுவீங்க?”

அம்மா எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். பக்கத்திலிருந்த ஒரு மரத்தடிக்குப் பேரனை அழைத்துப்போனார். ஆள்காட்டி விரலைக் கத்தியாக வளைத்துக்கொண்டு, மரத்தைத் தொடாமல், காற்றிலேயே கோடு இழுத்துக் காட்டினார்.

“இடது பக்கம் மேலே ஆரம்பிச்சு, இப்படி வலது பக்கம் கீழே சரிஞ்சு வரணும். மெல்லிசாச் சீவணும். ஆழமாப் போனா மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்திலே பட்டை முடிச்சு முடிச்சா வளரும். மறுபடி அங்கே வெட்ட முடியாது. மேலாப் போனா பால் வராது. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவிலே கை நிக்கணும்.”

ஏன் இடமிருந்து வலமாக என்று நான் பிறகு விளக்கினேன். பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் நேராக இல்லாமல் சற்றே சாய்ந்து சுற்றிக்கொண்டு மேலேறுகின்றன. அந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகமான குழாய்கள் அறுபடும். அம்மாவுக்கு அந்தக் காரணத்தை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. முப்பது வருடங்கள் கை மட்டும் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

பேரன் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். பாட்டி என்றால் கட்டிலில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பவர் என்றுதான் அதுவரை அவனுக்குத் தெரியும். “இன்னொரு தடவை காட்டுங்க பாட்டி” என்றான். அவர் காட்டினார். மங்கு எங்கே வைப்பது, பாலை எப்போது எடுப்பது, மழை வந்தால் என்ன ஆகும் என்று பேச்சு நீண்டது. வீட்டில் நாள் முழுவதும் பத்து வார்த்தை பேசாதவர், ஆற்றோரத்தில் அரை மணி நேரம் விடாமல் பேசினார்.

போகிறவர்கள் கவனத்துக்கு

காட்டுக்கு மரியாதை கொடுத்தால் காடு நம்மைக் காக்கும். சில எச்சரிக்கைகளைச் சொல்லவேண்டியது என் கடமை.

மேலே மலையில் மழை பெய்தால், நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் ஆறு நொடியில் பெருகும். இதைத்தான் ‘கெப்பாலா ஆயிர்’ என்கிறார்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் அடித்துவந்தால், ஓடும் ஓசை மாறினால், சாமான்களைப் பார்க்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். வானம் இருண்டால் ஆற்றில் இறங்கவே வேண்டாம்.

ஆற்றுநீரைக் குடிக்காதீர்கள். காலில் புண் இருந்தால் தண்ணீரில் வைக்காதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரலாம். காட்டுக்குப் போய்வந்த சில நாட்களிலோ வாரங்களிலோ காய்ச்சல் கண்டால், ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மழைக்குப்பின் அட்டை இருக்கும். நீண்ட காலுறை அணிந்து காற்சட்டையை அதற்குள் செருகிக்கொண்டால் பெரும்பாலும் தப்பலாம். கடித்தால் பயமில்லை. நகத்தால் ஓரத்தை நெம்பி எடுத்துவிட்டு, கடிவாயைக் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும்.

இடி மின்னலின்போது உயர்ந்த மரத்தடியில் ஒதுங்கக்கூடாது. குரங்குகளுக்குத் தீனி போடக்கூடாது. ஒருமுறை பழகிவிட்டால் அவை அடுத்தவர் பையைப் பறிக்கும். கொண்டுபோன பொட்டலத் தாளையும் போத்தலையும் திரும்பக் கொண்டுவாருங்கள். செடியைப் பிடுங்காதீர்கள், மரத்தில் பெயர் செதுக்காதீர்கள். பட்டையில் காயம் பட்டால் என்ன ஆகுமென்று நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

நுழைவுக்கட்டணமும் திறக்கும் நேரமும் திறந்திருக்கும் தடங்களும் அவ்வப்போது மாறுவதால், கிளம்புமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். ரயிலில் வருபவர்கள் கெப்போங் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி வாடகைக் காரில் வரலாம். வெயில் ஏறுமுன் காலையிலேயே தொடங்குவது நல்லது. முதியவர்களுக்குத் தார்ச்சாலை போதும். மரங்கள் அங்கேயும் அதே உயரம்தான்.

புறப்பட்ட இடத்துக்கே

ஆற்றை விட்டுப் பிரிந்து, மலாய்ப் பாணியில் அமைந்த பழைய மரவீடுகளையும் பார்த்துவிட்டு, குட்டையருகே திரும்பி வந்து சேர்ந்தோம். காலையில் பார்த்தபோது அது வெறும் குளமாகத் தெரிந்தது. இப்போது அது முன்னொரு காலத்து ஈயலம்பத்தின் நினைவாகத் தெரிந்தது. தண்ணீரில் மரங்களின் நிழல் தலைகீழாக விழுந்திருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது நாம் இழந்தது வேலையையும் வீட்டையும் மட்டுமல்ல. நம் பெரியவர்களின் கைத்திறனுக்கு இருந்த மதிப்பையும் இழந்தோம். மண்ணையும் மரத்தையும் மழையையும் அவர்கள் அறிந்த அளவுக்கு நம் பிள்ளைகள் அறியவில்லை. அடுக்குமாடி வீட்டின் நான்கு சுவர்களுக்குள் அதைக் கேட்பாருமில்லை, சொல்வாருமில்லை. ஒரு மரத்தடிக்கு அழைத்துப்போனால் போதும். அவர்களே பேசத் தொடங்குகிறார்கள்.

எல்லாரும் கெப்போங்குக்கு வரமுடியாது என்பது உண்மைதான். கெடாவிலும் ஜொகூரிலும் பேராக்கிலும் இருப்பவர்களுக்கு அவரவர் வட்டாரத்தில் வனப்பூங்காக்கள் உண்டு. அதுவும் தூரமென்றால், அருகில் ஓர் ஓடையோ, நாலு பழைய மரங்களோ இல்லாமலா போகும்? ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். வீட்டுப் பெரியவரைக் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். நடக்கமுடியாது என்பார். மெதுவாக நடந்தால் போதும் என்று சொல்லுங்கள்.

காரில் ஏறுமுன் அம்மா குனிந்து ஒரு கெருயிங் காயை எடுத்தார். இறக்கை இரண்டும் உடையாமல் இருந்தது. பேரன் அதை வாங்கித் தலைக்குமேல் வீசினான். அது சுழன்று சுழன்று வந்து புல்லில் இறங்கியது.

“அங்கேயே கிடக்கட்டும்” என்றார் அம்மா. “முளைக்கிறதுன்னா முளைக்கட்டும்.”

அடுத்த மாதம் மறுபடி போகவேண்டுமாம். இந்த முறை அழைப்பு அவரிடமிருந்து வந்திருக்கிறது.